மார்பின்: அஞ்ச வேண்டிய மருந்தா?

குருமாவுக்கு அம்மா அரைக்கும் கசகசாவை நாம் எல்லாரும் அறிவோம். அந்தச் செடியின் முற்றாத காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின். (விதைக்கு அந்த மயக்கம் இல்லை, குருமாவைத் தயங்காமல் உண்ணலாம்!) 1805-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்டூர்னர் அபினிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்பியஸின் பெயரை அதற்குச் சூட்டினார். அதுவே மார்பின்.

வலி என்பது நரம்பு வழியே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் செல்லும் செய்தி. அங்குள்ள ஏற்பிகளில் மார்பின், பூட்டில் சாவிபோலப் பொருந்தி, அச்செய்தியை அடக்குகிறது. எலும்பு முறிவு, தீக்காயம், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் இதை ஊசியாகப் போடுவர்.

ஆனால் இதன் பெருந்தொண்டு புற்றுநோயாளரிடந்தான். முன்பெல்லாம் நோயாளி வலி தாளாமல் கெஞ்சிய பிறகே ஊசி போடுவார்கள். இலண்டனில் அயர்லாந்து அருட்சகோதரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில், 1958 முதல் பணியாற்றிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதை மாற்றினார். வலி திரும்பும் முன்பே, நான்கு மணிக்கொருமுறை, வாய்வழியாகவே மருந்து கொடுத்தார். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை; உறவினரோடு தெளிவாகப் பேசினர். 1986-இல் உலகச் சுகாதார நிறுவனமும், புற்றுநோய் வலிக்கு வாய்வழியாக, கடிகாரம் பார்த்து மருந்து தரும் முறையையே வகுத்தது.

"பழக்கமாகிவிடாதா?" என்பீர்கள். அச்சம் வீணன்று. அளவு மீறினால் மூச்சே அடங்கும். அதற்கு மாற்று மருந்து நலாக்சோன். அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இவ்வகை மாத்திரைகளை வரைமுறையின்றி எழுதிக்கொடுத்ததால் பல்லாயிரவர் மாண்டனர். ஆயினும் கடும் வலிக்கு மருத்துவர் அளந்து தருவது வேறு, போதைக்காகத் தேடுவது வேறு. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. இருந்தும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கே மார்பின் எட்டாக்கனியாயிற்று. 2014-இல்தான் சட்டம் தளர்த்தப்பட்டது.

எங்கள் உறவில் ஒரு பாட்டிக்கு எலும்பில் புற்று. "மார்பினா? அது சாகும்போது கொடுப்பதல்லவா?" என்று வீட்டார் ஒரு மாதம் மறுத்துவிட்டனர். அந்த மாதம் பாட்டி படுத்துத் தூங்கவேயில்லை. டாக்டர் பொறுமையாக விளக்கிய பிறகு மாத்திரை தொடங்கியது; கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து, ஏனெனில் மார்பின் உண்போர்க்கு அது பெரும்பாலும் வரும். அடுத்த வாரம் நாங்கள் போனபோது, பாட்டி திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள்.