பர்னருக்கு வேண்டிய காற்று

மயிலாப்பூர் வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒரு காலத்தில் நின்றிருந்த செம்புப் பாய்லர், நடுக்குழாயில் கரியும் சிராயும் போட்டு எரிக்கப்பட்ட சாதனமாகையால், புகையையும் உஷ்ணத்தையும் நேரே ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டு, வெந்நீரை மட்டும் வீட்டாருக்கு வழங்கியது. பிறகு அடுக்ககங்கள் வந்தன, கொல்லை போயிற்று. 1970களில் வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புகளோடு விரிந்த பெசன்ட் நகரிலும், மின்வெட்டைப் பொருட்படுத்தாமல் குழாயைத் திறந்த மாத்திரத்தில் வெந்நீர் தருகிற கேஸ் கீசரைச் சிலர் விரும்பி வாங்கினார்கள். வாங்கியதைக் கொண்டுபோய்க் குளியலறைச் சுவரிலேயே மாட்டினார்கள். அங்கேதான் விபரீதம் ஆரம்பிக்கிறது.

பர்னரைச் சரிசெய்வது என்றால் வாயுவைக் கூட்டுவதும் குறைப்பதுமே என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது முக்கால் பங்கு காற்றைப் பற்றிய விஷயம். சிலிண்டரில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு பூரணமாக எரிய வேண்டுமானால், தன் கன அளவைப்போல் இருபத்துநான்கு முதல் முப்பத்தொரு மடங்கு வரை காற்று அதற்கு வேண்டும். இதில் ஒரு பகுதியை ஜ்வாலை பிறப்பதற்கு முன்னரே வாயுவோடு கலந்துவிடும் யுக்தியை, 1855ஆம் ஆண்டு வாக்கில் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் ராபர்ட் பன்சனும் அவருக்குக் கருவி செய்துகொடுத்த பீட்டர் டெசாகாவும் உருப்படியாக்கினார்கள். நம் கீசரிலும் ஊசித் துவாரம் போன்ற ஜெட்டிலிருந்து பீறிடும் வாயு, பர்னரின் வாயிலே காற்றை இழுத்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அந்த வாயில் சிலந்தி வலையோ தூசியோ அடைத்துக்கொண்டால், எந்தக் குமிழைத் திருகியும் பிரயோஜனமில்லை.

நல்ல ஜ்வாலை நீலமாக, கட்டையாக, உள்ளே கூர்மையான சிறு கூம்புகளோடு, அலையாமல் நிற்கும். நுனி மஞ்சளாகி நீண்டால் காற்றுப் பஞ்சம் என்று அர்த்தம். மேலே உள்ள செம்புத் தகடுகளில் கரி படியத் தொடங்கும், படிந்த கரி போக்கை அடைத்து மேலும் மஞ்சளாக்கும். பர்னரை விட்டு எழும்பித் துள்ளினால் வாயுவின் அழுத்தமோ காற்றோ மிஞ்சிவிட்டது. வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வாயுவை விடுகிறது. ஹோட்டல் அடுப்புக்குரிய ரெகுலேட்டரை இதில் பொருத்திப் பார்க்கும் சாமர்த்தியம் வேண்டாம். குழாய் வழியாக வரும் இயற்கை வாயுவுக்கு மாறுகிறவர்கள், அதற்கு உஷ்ண சக்தி குறைவாகையால், பெரிய துவாரமுள்ள ஜெட்டை மெக்கானிக்கைக் கொண்டு மாற்றியே ஆகவேண்டும்.

பர்னரே பற்றவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் பர்னர் பொறுப்பன்று. தண்ணீரின் அழுத்தம் ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளினால்தான் பாட்டரியிலிருந்து பொறி எழும், வாயுவும் திறக்கும்; மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் வீட்டில் அந்த அழுத்தம் போதாது. போர் தண்ணீரின் உப்பு செம்புக் குழாயில் படிந்து வழியைக் குறுக்கியிருந்தாலும் இதே கதிதான். எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உப்புக்காற்றும் தன் பங்குக்குப் பொறி முனையை அரித்துவிடுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை, மார்கழிக்கு முன், பெட்டியைத் திறந்து துடைக்கச் சொல்வது உத்தமம். எந்த மூட்டைக் கழற்றிப் பூட்டினாலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கவேண்டும். தீக்குச்சி கூடவே கூடாது. கசியும் சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்.

குளியலறைக்கு வருவோம். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றும் கீசர் ஏறக்குறைய 17 கிராம் வாயுவை எரிக்கிறது. பத்து நிமிஷ ஸ்நானத்துக்கு அது கேட்கும் காற்று இரண்டு கன மீட்டருக்கு மேல். ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் ஒன்பதடி உயரமும் உள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே ஒன்பது கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கதவும் ஜன்னலும் அடைத்திருந்தால், குளித்து முடிப்பதற்குள் அறையின் பிராணவாயுவில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். அதற்கு வெகுமுன்பே பர்னர் கரியமில வாயுவோடு கார்பன் மோனாக்சைடையும் கக்கத் தொடங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கசிவைக் காட்டிக்கொடுக்கச் சிலிண்டர் வாயுவில் சேர்த்த துர்நாற்றமும் எரிந்து போயிருக்கும். ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பற்றிக்கொள்ளும் அந்த வாயு, தலைவலியும் மயக்கமும் தந்து, தாழ்ப்பாளை எட்டவொட்டாமல் ஆளைச் சாய்த்துவிடுகிறது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் செய்த வாயு வெந்நீர்க் கருவிக்கும் புகைபோக்கி கிடையாது. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அதே குறையோடு யந்திரத்தை விற்பதையும், அதைக் குளியலறையில் மாட்டிக்கொடுப்பதையும் அறியாமை என்று மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்பார்கள். குளிருக்குப் பயந்து வெந்நீர் போடுகிறவர் ஜன்னலைத் திறந்து வைப்பாரா? கீசரை வெளியே, துணி உலர்த்தும் பால்கனியில், கடற்காற்று நேரே மோதி ஜ்வாலையை அணைக்காதபடி ஒரு சுவரின் மறைவில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரவேண்டும். குழாய் நீள்வதால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் பச்சையாக வரும்; அதை வாளியில் பிடித்து விளாவிக்கொள்ளலாம்.