பசு கன்று ஈனும் நேரத்தை அறிவது எப்படி?

புதுச்சேரி நகரை ஒட்டிய வில்லியனூர், அரியாங்குப்பம் பகுதிகளில் ஓரிரு கறவை மாடுகளை நம்பியுள்ள குடும்பங்களுக்கு, கன்றோ பசுவோ இறந்தால் பேரிழப்பு. ஈற்றின் அறிகுறிகளை அறிந்து வைத்திருந்தால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். எனவே சினை ஊசி போட்ட தேதியைக் குறித்து வைப்பது அவசியம். ஈற்றுக்குச் சில வாரங்கள் முன்பே மடி பெருக்கத் தொடங்கும். ஓரிரு நாட்களுக்கு முன் காம்புகள் விம்மும். வால் அடியின் இருபுறமும் குழி விழும். அறை வீங்கித் தளர்ந்து, கண்ணாடி போன்ற கோழை வடியும். மாடு தீனி எடுக்காமல் படுத்துப் படுத்து எழுந்தால் ஈற்று நெருங்கிவிட்டது. அதனைச் சுத்தமான இடத்தில் உலர்ந்த வைக்கோல் பரப்பித் தனியே விட வேண்டும்.

பனிக்குடம் தெரிந்தவுடன் அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் மூக்கும் வந்தால் கன்று சரியான நிலையில் உள்ளது. தலை வராமல் கால்கள் மட்டும் வந்தாலும், வால் மட்டும் தெரிந்தாலும், பனிக்குடம் உடைந்து 2 மணி நேரமாகியும் கன்று வெளிவராவிட்டாலும் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். தாமதித்தால் கன்றோடு பசுவையும் இழக்க நேரிடும்.