மடித்தால்தான் இறக்கை

மெலிதாக வார்த்த தோசை ஒன்றைக் கல்லிலிருந்து எடுத்து, ஒரு ஓரத்தை மட்டும் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள். மறுமுனை தொங்கிவிடும், முறுகல் தோசை என்றால் ஒடிந்து விழும். அதே தோசையில் கிழங்கை வைத்து மடித்துவிட்டால், தோசைத் திருப்பியை ஒரு பக்கம் கொடுத்து முழு நீளத்தையும் தூக்கித் தட்டில் வைத்துவிடலாம். மாவு கூடவில்லை. கிழங்குக்கும் சொல்லிக்கொள்ளும்படி வலு கிடையாது. ஆனாலும் தோசை விறைத்து நிற்கிறது. கீழே ஒரு தோல், மேலே ஒரு தோல் என்று இரண்டாகி, கிழங்கு அவற்றை ஒன்றையொன்று ஒட்டவிடாமல் விலக்கி நிறுத்தியிருப்பதுதான் காரணம்.

ரிமோட்டில் பறக்கவிடும் ஆர்.சி. விமானம் பழகுகிறவர்கள் ஃபோம் போர்டை மடித்துச் செய்யும் இறக்கை இந்த மசால் தோசைதான். அட்டைதான் தோல். உள்ளே நீளவாக்கில் ஓடும் ஸ்பார் என்ற பட்டைதான் கிழங்கு. வலு ஸ்பாரில் மட்டும் இல்லை. அது தள்ளி நிறுத்தியிருக்கும் இரண்டு தோல்களில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் இறக்கை உடைந்த அன்று எங்கே பசை வைப்பது என்பது தானே விளங்கும். விளங்காதவர்கள் பிளவுக்குள் பசையை ஊற்றுகிறார்கள். தோசையின் தோல் கிழிந்ததற்கு உள்ளே இன்னும் ஒரு கரண்டி கிழங்கை அடைப்பது மாதிரி அது. எடை ஏறும், கிழிசல் அப்படியே இருக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். விமானம் 600 கிராம், இறக்கை நுனிக்கு நுனி ஒரு மீட்டர், அகலம் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பறக்கும்போது ஒவ்வொரு பாதி இறக்கையும் 300 கிராமைத் தூக்குகிறது. கீழ்நோக்கிப் பாய்ந்த விமானத்தைப் பதறிப்போய் சடாரென்று மேலே இழுத்தால் சுமை மூன்று மடங்காவது சாதாரணம். அப்போது பாதிக்கு 900 கிராம். அந்தத் தூக்குவிசை நடுவிலிருந்து ஏறக்குறைய 23 செ.மீ. தள்ளி வேலை செய்கிறது. அவ்வளவு நீள நெம்புகோலால் இறக்கையின் அடிப்பகுதியை வளைக்கப் பார்க்கிறது. 2 செ.மீ. தடிமனுள்ள மடித்த இறக்கையில் இதைத் தாங்க மேல்தோல் சுமார் 10 கிலோ அழுத்தத்தையும் கீழ்த்தோல் சுமார் 10 கிலோ இழுப்பையும் ஏற்க வேண்டும். மடிக்காமல் 5 மி.மீ. அட்டை ஒன்றையே இறக்கையாக வைத்திருந்தால் அந்தப் பத்து கிலோ நாற்பதைத் தாண்டியிருக்கும். தோல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி செய்யும் மாயம் இவ்வளவுதான்.

அட்டை வாங்கும்போதே ஒரு எச்சரிக்கை. நடுவில் பாலிஸ்டைரீன் நுரையும் இருபுறமும் காகிதமும் உள்ள 5 மி.மீ. ஃபோம் போர்டுதான் வேண்டும். பெயர்ப்பலகைக்குப் பயன்படும் சன்போர்டு பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும்; கையில் எடுத்தால் கனம் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் டாலர் கடைகளில் கிடைக்கும் 51-க்கு 76 செ.மீ. ஃபோம் போர்டு நூற்றுச் சொச்சம் கிராம்தான். ஒஹாயோவிலிருந்து இயங்கும் ஃப்ளைட் டெஸ்ட் குழுவினர் இந்த மலிவு அட்டையை வைத்துத்தான் வெட்டி மடித்து ஒட்டும் விமானங்களை உலகம் முழுக்கப் பரப்பினார்கள். நம்மூர் ஸ்டேஷனரிக் கடை அட்டை பெரும்பாலும் இதைவிடக் கனம். அதனால் தோலாகப் பயன்படாத இடங்களில், அதாவது மடித்தபின் உள்ளே மறைந்துவிடும் பக்கத்தில், காகிதத்தை உரித்துவிடுகிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம். உள்பக்கக் காகிதம் வளைவுக்கும் முரண்டு பிடிக்கும்.

51-க்கு 76 அளவு அட்டை ஒன்றே இறக்கையின் தோல் முழுவதற்கும் போதும். 76 செ.மீ. பக்கத்தை நடுவில் வெட்டினால் 51-க்கு 38 அளவில் இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் 18 செ.மீ. கீழ்ப்பக்கம், ஒரு செ.மீ. மடிப்பு, மீதி 19 மேல்பக்கம். மேல்பக்கம் வளைந்து போவதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். மடிப்பு விழும் இடம்தான் காற்றை முதலில் சந்திக்கும் முன்விளிம்பு. அங்கே உள்பக்கத்திலிருந்து கட்டரால் இரண்டு கோடுகள் கீற வேண்டும்: உள் காகிதமும் நுரையும் வெட்டுப்பட வேண்டும், வெளிக் காகிதத்தில் கத்தி படவே கூடாது. அந்த வெளிக் காகிதம்தான் மேலும் கீழும் அறுபடாமல் ஓடும் தோல். முறுகலான தோசையை அவசரத்தில் மடித்தால் மடிப்பில் விரிசல் விடுவது போல, கீறாமல் மடித்த அட்டையும் முன்விளிம்பில் வெடித்துவிடும்.

ஸ்பாருக்கு அதே வகை அட்டை இன்னொன்றில் வெட்டிய 3 செ.மீ. அகலப் பட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 1 செ.மீ. உயரம் கிடைக்கிறது. கீழ்த்தோல் 5 மி.மீ., மேல்தோல் 5 மி.மீ. ஆக மொத்தம் 2 செ.மீ. கிழங்கைத் தோசையின் மையத்தில் வைக்கிறோம். ஸ்பாரை அப்படி வைக்கக் கூடாது. முன்விளிம்பிலிருந்து 5, 6 செ.மீ. தள்ளி, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் வர வேண்டும். தூக்குவிசை பெரும்பாலும் இறக்கையின் முன்பாதியில்தான் உருவாகிறது. விமானத்தின் எடைமையமும் அந்த இடத்தை ஒட்டித்தான் வரும். மேல் அட்டையை மடிப்பதற்கு முன் மேசை விளிம்பில் வைத்து அழுத்தி இழுத்து வளைவு ஏற்றிக்கொள்ளுங்கள். கீழ் அட்டையின் பின்விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள், இரண்டும் கூர்மையாகச் சேரட்டும். ஸ்பார் மேலும் பின்விளிம்பு ஓரமும் ஹாட் க்ளூவைக் கோடாக இட்டு, மடித்து, சமதளத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான். க்ளூ சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் 50 செ.மீ. நீளத்துக்கு இன்னொரு ஆள் கை கொடுத்தால் நல்லது.

இறக்கையின் வெட்டுமுகம் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று புதியவர்கள் ரொம்பவும் கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. கீழே தட்டை, மேலே வளைவு என்ற குடும்பத்தில் புகழ்பெற்றது கிளார்க் ஒய். வர்ஜீனியஸ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1922-ல் வடிவமைத்தது. லிண்ட்பெர்க் 1927-ல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் இறக்கையும் இதுதான். நம் மடிப்பு இறக்கை அதற்குத் தூரத்து உறவு. இந்தச் சின்ன அளவில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், வடிவத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் ஆவதைக் காற்று பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. காகித விமானம் மடிக்கப்போய் கிளைன், ஃபோகல்மன் என்ற இருவர் இறக்கையில் ஒரு படிக்கட்டு வைத்து, 1972-ல் அமெரிக்கக் காப்புரிமையே வாங்கினார்கள். காற்றுச் சுரங்கச் சோதனையில் அது சோபிக்கவில்லை. ஆனால் வெட்டி ஒட்டுவது சுலபம் என்பதால் ஃபோம் விமானக்காரர்கள் இன்றும் அதை விடவில்லை. காற்று மன்னிக்காதது வேறொன்று, முறுக்கம். அதற்கு வருகிறேன்.

இரண்டு பாதிகளையும் இணைக்கும் நடு மூட்டுதான் இறக்கையிலேயே அதிகச் சுமை வாங்கும் இடம். ஒரு பாதி மேசையில் படிந்திருக்க, மற்றதன் நுனியை 8 செ.மீ. உயர்த்தி ஒட்டினால் பக்கத்துக்கு நான்கரை டிகிரி மேல்நோக்கிய சாய்வு கிடைக்கும். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரான் மடல்கள் இல்லாத, வால் சுக்கானை வைத்தே திரும்பும் விமானத்துக்கு இந்தச் சாய்வு கட்டாயம். காற்று ஒரு பக்கம் தூக்கிவிட்டால் தானே சமநிலைக்குத் திரும்ப இதுதான் உதவும். மூட்டு இருக்கும் இடத்தில் தோல் இரண்டாக வெட்டுப்பட்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதனால் உள்ளே ஸ்பார் இரண்டையும் சேர்த்து ஓடும் ஒரு இணைப்புத் துண்டு, வெளியே மேலும் கீழும் சுற்றி வரும் கண்ணாடி இழைத் துணி அல்லது காயத்துக்குக் கட்டும் காஸ் துணி, அதன்மேல் மெலிதாகத் தடவிய எப்பாக்ஸி. மெலிதாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உடைகிறது. எப்படி உடைந்தது என்று முதலில் பாருங்கள். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது. அதனால் கீழ்த்தோல் இழுபடுகிறது, மேல்தோல் நசுங்குகிறது. காகிதம் இழுப்பைச் சளைக்காமல் தாங்கும், நசுக்கலில் சுருங்கி மடியும். அதனால் வானத்தில் சுமை தாங்காத இறக்கையில் முதல் அறிகுறி மேல்பக்கம், நடுவுக்குப் பக்கத்தில் விழும் ஒரு குறுக்குச் சுருக்கம். நிறையப் பேர் அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். டேப் இழுபட்டால்தான் வேலை செய்யும்; நசுக்கலில் அது வெறும் ஒட்டுக் காகிதம். மேல்பக்கச் சுருக்கத்துக்கு விறைப்பான ஒன்று வேண்டும். சுருக்கத்துக்கு இருபுறமும் பத்துப் பத்து செ.மீ. போகிற மாதிரி அட்டையில் பள்ளம் கீறி, ஒரு மூங்கில் குச்சியையோ மெல்லிய கார்பன் குச்சியையோ பதித்து ஒட்டுங்கள். கீழ்ப்பக்கக் கிழிசலுக்கு மாறாக நல்ல டேப்பே போதும். நூலிழை ஓடும் பார்சல் டேப் என்றால் இன்னும் நல்லது. குச்சியை ஸ்பாருக்குள் நடு உயரத்தில் செருகினால் பாதிப் பலன்கூட வராது. தோலை ஒட்டி இருந்தால்தான் அதற்கு வேலை.

மோதி உடைவது வேறு கதை. மூக்கு மண்ணில் குத்தி நின்றுவிடும், இறக்கையோ முன்னால் போய்க்கொண்டே இருக்கப் பார்க்கும். பயிற்சி விமானங்களில் இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டுவது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. மோதும்போது இறக்கை நழுவிக் கழன்றுகொள்ள அது வழிவிடுகிறது. வலுவாக இருக்கட்டும் என்று இறக்கையை உடலோடு ஒட்டிவிடுகிறவர்கள் அடுத்த மோதலில் இரண்டையும் சேர்த்து இழப்பார்கள்.

முறிந்த முகங்களைச் சீவிச் சுத்தம் செய்யாதீர்கள். கரடுமுரடான அந்த முறிவே ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும் அச்சு. பசை வைக்காமல் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். பிறகு முறிவு முகத்தில் மெல்லிய பூச்சு, சேர்த்ததும் இரு தோல்களிலும் அகலமான ஒட்டு. தோசையில் ஓட்டை விழுந்தால் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக மாவைச் சொட்டுவார்களே, ஒட்டுத் துண்டும் அப்படித்தான் நல்ல பகுதிக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஸ்பாரும் முறிந்திருந்தால் முனையோடு முனை ஒட்டுவது நிற்காது. இரு முனைகளையும் நீளச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும்.

பசை விஷயத்தில் ஒரே விதி: முதலில் கழிவுத் துண்டில் சோதியுங்கள். ஃபெவிக்விக் வகை உடனடிப் பசை தெர்மாகோலையும் ஃபோம் போர்டின் நுரையையும் கரைத்துக் குழியாக்கிவிடும். ஆனால் கடையில் தயாராக வாங்கும் பல பயிற்சி விமானங்களின் ஈ.பி.ஓ. நுரையில் அதே பசை அருமையாகப் பிடிக்கும். வெள்ளை ஃபெவிகால் காகிதத்துக்கு நல்லது. காற்றுப் புகாத இரண்டு நுரை முகங்களுக்கு நடுவில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஹாட் க்ளூவுக்குச் சூடு ஆகாது. வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் இறக்கையை வைத்தால் மூட்டு இளகிவிடலாம். ஈ.பி.ஓ. இறக்கையில் உடையாமல் நசுங்கல் மட்டும் என்றால் பசையே வேண்டாம். கொதிநீரை அந்த இடத்தில் ஊற்றினால் நுரையறைகளின் சுவர் இளகி, உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, பள்ளம் கண்ணெதிரே மேலே வரும். காகிதம் ஒட்டிய அட்டையில் இதை முயலவே வேண்டாம்.

தோசைக் கணக்கு உதவாத இடம் ஒன்று உண்டு. தோசை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ருசி போகாது. இறக்கைக்கு இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக இருந்தே ஆகவேண்டும். பழுது பார்த்த பாதியின் பின்விளிம்பு சில மில்லிமீட்டர் கீழே முறுக்கிக்கொண்டால், அந்தப் பக்கம் எப்போதும் அதிகமாகத் தூக்கும். வேகம் குறையும்போது முதலில் தூக்குவிசை இழந்து கவிழ்வதும் அதே பக்கம்தான். பசை காயும் முன் இறக்கையைச் சமையல் மேடை கிரானைட்டில் வைத்து, நுனியிலிருந்து அடிவரை பின்விளிம்பு ஒரே கோட்டில் படிகிறதா என்று பாருங்கள். எடையும் அப்படியே. நுனியில் கூடும் ஐந்து கிராம், நடுவில் கூடும் ஐம்பது கிராமைவிடத் தொல்லை. விமானத்தை மூக்கிலும் வாலிலும் பிடித்துத் தூக்கினால் எந்த இறக்கை தாழ்கிறது என்று தெரிந்துவிடும். எதிர் நுனியில் ஒரு நாணயத்தை டேப்பால் ஒட்டிச் சரிசெய்யலாம். மொத்த எடைக்கும் விலை உண்டு. 600 கிராமில் மணிக்கு சுமார் 27 கி.மீ. வேகம்வரை தாக்குப்பிடிக்கும் இந்த இறக்கை, ஒட்டும் பூச்சுமாக 700 கிராம் ஆனால் 29-லேயே கைவிட்டுவிடும். தரையிறங்கும்போது புதியவர் கைக்கு அந்த 2 கி.மீ. பெரிய வித்தியாசம்.

பசை முழுதும் இறுகிய பிறகு, பேட்டரியோடு விமானத்தை இரண்டு நுனிகளிலும் விரல் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். முழு எடையும் நடுவில் தொங்க, மூட்டுக்குச் சாதாரணப் பறத்தலில் வருவதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலான வளைவு இங்கே வருகிறது. நொறுக்கென்று சத்தம் கேட்டாலோ மேல்தோலில் புதுச் சுருக்கம் தெரிந்தாலோ மேசைக்கே திரும்பிவிடுங்கள். தாங்கினால், மோட்டாரை ஓட்டாமல் புல்தரையில் மெதுவாக வீசிப் பாருங்கள். ஒரு பக்கமாகவே சாய்ந்து போகிறதென்றால் ரிமோட்டில் ட்ரிம் பொத்தானைத் தட்டுவதற்கு முன் பின்விளிம்பை இன்னொரு முறை கிரானைட்டில் வையுங்கள்.