சாவியைப் பற்றி நான்கு வாக்கியம்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: ‘உங்களிடம் எத்தனை சாவிகள் உள்ளன? எப்போதாவது சாவியைத் தொலைத்ததுண்டா? வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வைப்பது நல்ல வழக்கமா?’

காவல் நிலைய விசாரணையைப் போல் ஒலிக்கும் இக்கேள்விகள், வெளிநாட்டில் படிக்க விரும்பும் இளைஞர்களின் ஆங்கிலத்தை அளந்து பார்க்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்கப்படும் வகையைச் சேர்ந்தவை. மேற்கு தில்லியின் திலக் நகரிலிருந்து பஞ்சாபின் ஜலந்தர், மோகா, பட்டியாலா வரை பயிற்சி நிலையங்கள் நிறைந்த கடைவீதிகளில், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இவற்றுக்கு விடை சொல்லிப் பழகிக் கொண்டிருக்கிறார்கள். சாவியைப் பற்றி நான்கு வாக்கியம் தடையின்றிச் சொல்ல முடியாமல் அரை மதிப்பெண் குறைந்தாலும், கைக்கு எட்டிய கல்லூரி இடம் நழுவிவிடக் கூடும். நிலத்தை அடகு வைத்தோ விற்றோ பணம் புரட்டும் குடும்பங்களுக்கு அந்த அரை மதிப்பெண் சிறிய விஷயமன்று.

பதினான்கு நிமிடச் சோதனை

பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு ஆகிய மூன்றும் கூட்டாக உரிமை கொண்ட இத்தேர்வு, 1989-இல் இன்றைய பெயரில் தொடங்கியது. இந்தியாவில் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தி வந்த தேர்வுப் பணியை 2021-இல் ஐ.டி.பி. விலைக்கு வாங்கிக் கொண்டது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 9 வரை மதிப்பெண். அதைப் ‘பேண்ட்’ என்றே பஞ்சாப் முழுவதும் சொல்கிறார்கள். ஒருமுறை எழுதுவதற்கு 17,000 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. பெற்ற மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும்.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடங்கள் நடைபெறும். தேர்வாளர் ஒருவர், மாணவர் ஒருவர். முதல் நான்கைந்து நிமிடங்கள் வீடு, ஊர், உணவு, சாவி என்று அன்றாட வாழ்க்கை பற்றிய கேள்விகள். அடுத்து, கொடுக்கப்பட்ட தலைப்பைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். இறுதியில் அதையொட்டிய விவாதம். சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம எடையுடன் மதிப்பிடப்படுகின்றன. மாணவரின் கருத்து சரியானதா, அவரிடம் மெய்யாகவே எத்தனை சாவிகள் உள்ளன என்பதெல்லாம் தேர்வாளருக்குப் பொருட்டல்ல. தன்னைப் பற்றி ஒருவரால் இயல்பாகப் பேச முடிகிறதா என்பதே சோதனை.

ஒரு வரி நான்காகும் விதம்

கிராமத்துப் பள்ளியிலிருந்து வரும் மாணவரின் முதல் நாள் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான். எத்தனை சாவிகள் என்றால் ‘மூன்று’. தொலைத்ததுண்டா என்றால் ‘ஆம், ஒருமுறை’. பிழை ஏதும் இல்லை. ஆனால் மதிப்பிடுவதற்கும் அதில் ஏதும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் எழுத்துத் தாளாகவே படித்தவர், கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டு நிறுத்திக் கொள்வதில் வியப்பில்லை.

நல்ல ஆசிரியர் இந்த இடத்தில் கையாளும் முறை எளியது. மூன்று சாவிகள் என்றால் எவை எவை? வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி, வயலில் உள்ள மோட்டார் கொட்டகையின் சாவி. எதை எங்கே வைப்பாய்? ஏன்? தொலைந்தது எப்போது? யார் திட்டினார்கள்? பிறகு எப்படி உள்ளே போனாய்? இக்கேள்விகளைத் தனக்குத் தானே கேட்டுக் கொண்டால் ஒரு வரி நான்கு வரியாகிறது. இலக்கணமும் தானாகவே விரிகிறது. நாள்தோறும் சாவியை ஆணியில் மாட்டுவதைச் சொல்ல நிகழ்காலம். தொலைத்த கதைக்கு இறந்தகாலம். இனி ஒரு மாற்றுச் சாவி செய்து கொள்வேன் என்பதற்கு எதிர்காலம். சாவிக்கொத்து, பூட்டிக் கொண்டு வெளியே நிற்பது, பூட்டுக்காரரை அழைப்பது போன்றவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் தேவை கருதியே மனத்தில் பதிகின்றன.

வழக்கமான பிழைகளைத் திருத்துவதற்கும் சொந்தக் கதையே உதவுகிறது. ‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ கீஸ்’ என்பது நம் நாட்டு மாணவர்களிடம் பரவலாகக் கேட்கும் வாக்கியம். உடைமையைச் சொல்ல ‘ஐ ஹேவ்’ போதும். ‘ஐ ஃபர்காட் மை கீஸ் இன் ஹோம்’ என்பார்கள். பொருளை விட்டுவிட்டு வந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லும்போது, ‘ஐ லெஃப்ட் மை கீஸ் அட் ஹோம்’ என்பதே சரியான வழக்கு. இவ்வாறு ஏழெட்டுத் திருத்தங்களைத் தன் வாழ்க்கையோடு பொருத்திச் சொல்லிப் பழகியவருக்கு அவை மறப்பதில்லை. அவசர அவசரமாகப் பேசுவது சரளமாகாது. ஆங்கிலேயரைப் போல் நாக்கைச் சுழற்றவும் வேண்டியதில்லை. கேட்பவருக்குத் தெளிவாகப் புரியுமானால் பஞ்சாபிச் சாயல் ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை.

விலைக்கு வரும் விடைகள்

இதற்குத் தேவை பொறுமையும், ஒவ்வொரு மாணவரும் வாய் திறந்து பேசும் அளவுக்குச் சிறிய வகுப்பும். ஐம்பது பேரை ஓர் அறையில் அடைத்து நடத்தும் வியாபாரத்துக்கு இது ஒத்துவராது. எனவே, அண்மையில் தேர்வு எழுதியவர்களின் நினைவிலிருந்து கேள்விகளைத் திரட்டி, ‘எட்டு பேண்ட் தரும் விடை’ என்று அச்சிட்டுக் கொடுப்பது நடைமுறையாகிவிட்டது. வட இந்தியாவில் ‘குஞ்ஜி’ என்ற சொல்லுக்குச் சாவி என்றும் பொருள். தேர்வுக்கான விடைக் கையேடு என்றும் பொருள். சாவி பற்றிய கேள்விக்கும் ஒரு குஞ்ஜி உண்டு.

அந்த விடைகளில் பேசும் மாணவர் மாநகர அடுக்குமாடி வீட்டில் தனியாக வசிக்கிறார். மின்னணுப் பூட்டைப் பாராட்டுகிறார். அயலாரிடம் சாவி கொடுப்பது அந்தரங்கத்துக்கு ஆபத்து என்கிறார். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்து, பகலில் கதவே பூட்டாத வீட்டிலிருந்து வந்த பிள்ளை இதை ஒப்பிக்கும்போது குரல் காட்டிக் கொடுத்துவிடுகிறது. மனப்பாடத்தைக் கண்டறிவதில் தேர்வாளர்கள் பயிற்சி பெற்றவர்கள். எதிர்பாராத ஒரு துணைக் கேள்வி போதும். அதுவரை தங்குதடையின்றி வந்த பேச்சு அங்கேயே நின்றுவிடும். மனப்பாட விடைகளைத் தவிர்க்குமாறு தேர்வை நடத்துவோரே அறிவுறுத்துகின்றனர். இருந்தும் விற்பனை குறையவில்லை.

பூட்டிய வீடுகளின் நாடு

சாவி பற்றிய கேள்விக்குச் சொந்தமாக விடை சொல்லும் தகுதி நாட்டில் ஒரு பகுதிக்குக் கூடுதலாக உண்டு என்றால், அது பியாஸ், சட்லெஜ் நதிகளுக்கு இடைப்பட்ட தோவாப் பகுதிதான். ஜலந்தர், கபூர்தலா, ஹோஷியார்பூர், ஷஹீத் பகத் சிங் நகர் மாவட்டங்களை உள்ளடக்கிய இப்பகுதியிலிருந்து நூறாண்டுகளுக்கும் மேலாக மக்கள் கடல் கடந்து சென்று வருகின்றனர். மொட்டை மாடியில் விமான வடிவில் தண்ணீர்த் தொட்டி கட்டிய வீடுகளை இங்கே காணலாம். ஜலந்தருக்கு அருகேயுள்ள தல்ஹன் கிராம குருத்வாரா, விசா கிடைக்க வேண்டிப் பக்தர்கள் பொம்மை விமானம் காணிக்கை செலுத்துவதால் பெயர் பெற்றது.

மாளிகை போன்ற அந்த வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. சாவி பக்கத்து வீட்டிலோ, உறவினரிடமோ, வீட்டைப் பார்த்துக் கொள்ளும் வெளி மாநிலத் தொழிலாளியிடமோ இருக்கும். குளிர்காலத்தில் உரிமையாளர்கள் திருமணங்களுக்காக வரும்போது கதவு திறக்கும். வெளிநாட்டில் இருப்போரின் சொத்து கைமாறிப் போவதும் வாடகைதாரர் வெளியேற மறுப்பதும் இங்கே பழைய பிரச்னைகள். வெளிநாடுவாழ் இந்தியர் தம் வீட்டை விரைவாக மீட்பதற்கென்றே கிழக்குப் பஞ்சாப் நகர்ப்புற வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 2001-இல் 13-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அவர்களது குறைகளைக் கேட்பதற்கு மாநில ஆணையம் அமைக்க 2011-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆக, பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுக்கலாமா என்ற கேள்வி, பஞ்சாப் சட்டப்பேரவை வரை சென்ற கேள்வி. அதற்கு அந்த மண்ணின் பிள்ளையால் பத்து நிமிடம் பேச முடியும். அவரிடம் அதைக் கேட்டு வாங்குவதற்குத்தான் ஆசிரியர் இல்லை.

கதவு குறுகியபோது

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இக்குறை பெரிதாக உறுத்தவில்லை. கனடா 2018-இல் தொடங்கிய விரைவு மாணவர் விசா திட்டத்தில், பிரிவுக்கு 6 பேண்ட் இருந்தால் வழி சுலபமாக இருந்தது. ஆறு பேண்ட் பெற்ற மணமகளைத் தேடி, அவரது படிப்புச் செலவை மணமகன் வீட்டார் ஏற்பதாகக் கூறும் திருமண விளம்பரங்கள் நாளேடுகளில் வந்தன.

2024 நிலைமையை மாற்றியது. அவ்வாண்டு ஜனவரியில் கனடா, புதிய படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. மாணவர் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்தது. நவம்பரில் விரைவு விசா திட்டமே கைவிடப்பட்டது. பிரிட்டன், பெரும்பாலான முதுநிலை மாணவர்கள் குடும்பத்தினரை அழைத்து வருவதற்கு அதே ஜனவரி முதல் தடை விதித்தது. ஆஸ்திரேலியா மாணவர் விசாவுக்கான ஆங்கிலத் தகுதியை 5.5-லிருந்து 6 ஆக உயர்த்தியதுடன், விசா கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600 டாலராக்கியது. வாய்ப்பு குறையக் குறைய, மனப்பாட ஆங்கிலத்தின் விலை ஏழைக் குடும்பத்துக்கே அதிகமாகிறது. தேர்வில் தப்பித்தாலும், அங்கே வகுப்பறையிலும் வேலையிடத்திலும் குஞ்ஜி உதவப் போவதில்லை.

எண்ணிக்கை உண்டு, ஏற்பாடு இல்லை

2024-இல் 13 லட்சத்துக்கும் அதிகமான இந்திய மாணவர்கள் வெளிநாடுகளில் பயில்வதாகவும், அவர்களில் சுமார் 4.27 லட்சம் பேர் கனடாவில் இருப்பதாகவும் வெளியுறவுத் துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இத்தகைய கேள்விகளும் பதில்களும் எண்ணிக்கையோடு முடிந்துவிடுகின்றன. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டம் வேலைக்குச் செல்வோரை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. மாணவர்களுக்கு அதில் இடமில்லை. மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டு நெறிமுறைகள், மதிப்பெண் உறுதி தரும் விளம்பரங்கள் கூடாது என்கின்றன. அவற்றைச் செயல்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு.

பஞ்சாபில் 2012-இல் ஆள் கடத்தல் தடுப்புச் சட்டமாகப் பிறந்து, பின்னர் பயணத் தொழில்முறையாளர் ஒழுங்குமுறைச் சட்டமாகப் பெயர் மாறிய சட்டத்தின் கீழ், ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி நிலையங்கள் உரிமம் பெற வேண்டும். மோசடியைத் தடுப்பது அதன் நோக்கம். வகுப்பில் என்ன கற்றுத் தரப்படுகிறது என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முறையான வழி அடைபட்டவர்களை வேறு வழி காட்டி அழைத்துச் செல்லும் முகவர்களும் இதே மண்ணில் உண்டு. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்கள் அமிருதசரஸில் இறக்கப்பட்டதும், மறுநாள் வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் மாநிலங்களவையில் விளக்கம் அளிக்க நேர்ந்ததும் அவைக் குறிப்பில் உள்ளன. அந்த விளக்கத்தைக் கேட்டு ஆவேசப்பட்ட உறுப்பினர்கள், பள்ளியில் ஒரு மாணவர் வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஆங்கிலத்தில் வாய் திறக்கிறார் என்ற கேள்வியையும் எழுப்பலாம். கல்வி 1976-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் பொதுப்பட்டியலில் இருப்பது. மத்திய அரசோ மாநில அரசோ பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது. வாரம் இரண்டு வகுப்பு, பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தன் வீட்டையும் வயலையும் பற்றிப் பேச வைத்தால் போதும். அதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

2022 ஜூன் முதல் பஞ்சாப் அரசுப் பேருந்துகள் ஜலந்தர் உள்ளிட்ட நகரங்களிலிருந்து நேராகத் தில்லி விமான நிலையத்துக்கு வருகின்றன. பிள்ளையை வழியனுப்பிவிட்டு அதே பேருந்தில் பெற்றோர் ஊர் திரும்புகின்றனர். சில ஆண்டுகளில் அவர்களுக்கும் அழைப்பு வரும். வீட்டைப் பூட்டிக் கொண்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டிலும் பூட்டுத் தொங்கினால் யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எந்தத் தேர்வாளரின் பட்டியலிலும் இல்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் தில்லியிலும் சண்டீகரிலும் இருக்கிறார்கள்.