பழைய வைஸை எடைக்குப் போடும் முன்

அப்பாவின் காரியங்கள் முடிந்து இரண்டு மாதம் கழித்து, பேராக்கில் இருந்த வீட்டைக் காலி செய்தோம். கட்டில், அலமாரி எல்லாம் உறவினர் வீடுகளுக்குப் போயின. வீட்டின் பின்புறக் கொட்டகையில் கிடந்த இரும்புச் சாமான்களை எடுத்துப்போகப் பழைய இரும்பு லாரி வந்தது. துருப்பிடித்த வைஸ் ஒன்றைத் தராசில் தூக்கி வைத்த லாரிக்காரர், "பதினாலு கிலோ பாஸ்" என்றார்.

தங்கைதான் தடுத்தாள். "அண்ணே, அதை மட்டும் விட்டுடு. என் சைக்கிள் பெடலை அப்பா அதுல மாட்டித்தான் நிமிர்த்திக் கொடுத்தாங்க." தராசிலிருந்து இறக்கிக் காரில் ஏற்றினேன். அது எங்கே செய்யப்பட்டது, என்ன பெயர் என்பது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

ஆறு வருடம் ஆகிவிட்டது. இன்று என் வீட்டில் ஐந்து பழைய வைஸ்கள் இருக்கின்றன. அலுவலகத்தில் கணினி முன் உட்காரும் எனக்கு, சனிக்கிழமை காலைகளில் கையில் எண்ணெயும் கிரீஸும் ஒட்டினால்தான் வாரம் முடிந்ததுபோல் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் கற்றதையும், முதல் வைஸில் நான் செய்த ஒரு தவற்றையும் இங்கே சொல்கிறேன். உங்கள் தாத்தா வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கலாம்.

தோட்டத்துக்கு வந்த விதம்

பட்டறை மேசையில் போல்ட் போட்டுப் பூட்டி, வேலை செய்யும் பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவிதான் வைஸ். மலேசியப் பள்ளியில் 'கெமாஹிரான் ஹிடுப்' படித்தவர்களுக்கு 'ராகும்' என்றால் உடனே புரியும். அரம் போடவும், ரம்பத்தால் அறுக்கவும், மரை வெட்டவும் முதலில் பொருள் அசையாமல் நிற்க வேண்டும். அதனால்தான் ஃபிட்டருக்கு அது மூன்றாவது கை.

ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் ஆலைகள், ஈய வயல்கள், செந்தூல் இரயில்வே பட்டறை, சிங்கப்பூர்த் துறைமுகம், செம்பவாங் கடற்படைத் தளம் என எங்கும் பட்டறைகள் இருந்தன. இயந்திரங்களோடு கைக்கருவிகளும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. அந்தப் பட்டறைகளில் நம் தாத்தாக்களும் அப்பாக்களும் வேலை பார்த்தார்கள். பட்டறைகள் மூடப்பட்டபோதும் தோட்டங்கள் கைமாறியபோதும் கருவிகள் வீடுகளுக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் சிதறின. சிங்கப்பூரில் இவை கிடைத்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. இப்போது வார இறுதிப் பழம்பொருள் சந்தைகள், பழைய இரும்புக் கடைகள், வீடு காலி செய்பவர்கள் ஆகியோரிடம்தான் தேட வேண்டும்.

பெயரைப் படிப்பது எப்படி?

பழைய வைஸ்களின் பெயரும் எண்ணும் பெரும்பாலும் வார்க்கும்போதே உடலில் புடைப்பெழுத்தாக வந்திருக்கும். பல தடவை பெயிண்ட் அடித்திருந்தால் எழுத்து மறைந்து போயிருக்கும். இருட்டில் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும். சாக்குக் கட்டியைப் படுக்க வைத்துத் தேய்த்தாலும் எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

முதல் துப்பு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. 'வைஸ்' என்ற சொல்லைப் பிரிட்டன்காரர்கள் 'சி' எழுத்துப் போட்டும் அமெரிக்கர்கள் 'எஸ்' எழுத்துப் போட்டும் எழுதுவார்கள். அந்த ஓர் எழுத்தே எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடும்.

நம் பக்கம் தேடுபவர்களின் கண்ணில் அடிக்கடி படும் பெயர் 'ரெக்கார்டு'. ஷெஃபீல்டு நகரின் சி அண்ட் ஜே ஹாம்ப்டன் நிறுவனத்தின் முத்திரை அது. நீல நிறம் அதன் அடையாளம். உடலில் உள்ள எண் அளவைக் குறிக்கும். 3ஆம் எண் என்றால் தாடையின் அகலம் 4 அங்குலம். 5ஆம் எண் என்றால் 5 அங்குலம். ஹாம்ப்டன் குடும்பத்தின் இன்னொரு கிளை வெட்னஸ்பரி என்ற ஊரில் 'வோடன்' என்ற பெயரில் வைஸ் செய்தது. 'பாராமோ' ஷெஃபீல்டைச் சேர்ந்தது. யார்க்‌ஷரின் ஷிப்லி ஊரில் பார்க்கின்சன் நிறுவனம் செய்த 'பெர்ஃபெக்ட்' வைஸில், ஒரு விசையை அழுத்தினால் திருகைச் சுற்றாமலேயே தாடையை இழுத்துத் திறக்கலாம்.

அமெரிக்க வைஸ்களில் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது 'வில்டன்'. 1941இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம். திருகு முழுவதும் ஓர் உருளைக்குள் மூடியிருப்பதால் தூசி உள்ளே போகாது. பின்பக்கம் துப்பாக்கிக் குண்டின் முனைபோல் இருப்பதால் 'புல்லட்' என்ற செல்லப் பெயர் வந்தது. தாடையைக் கழற்றி, நகரும் பகுதியின் அடியில் பார்த்தால் பலவற்றில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும்.

கொல்லர் பட்டறை வைஸ் வேறு வகை. மேசைக்குக் கீழே தரைவரை ஒரு கால் நீண்டிருக்கும். சுத்தியல் அடியை அந்தக் கால் தரைக்கு இறக்கிவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அதில் வைத்து ஓங்கி அடிக்கலாம். மேசை வைஸில் அப்படி அடிக்கக் கூடாது. அதன் உடல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அழுத்தத்தைத் தாங்கும், பலத்த அடி விழுந்தால் வளையாமல் உடைந்துவிடும்.

காசு கொடுக்கும் முன்

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துரு போகும், விரிசல் போகாது. நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் நகரும் தாடையின் கழுத்தையும், உடலும் அடித்தட்டும் சேரும் இடத்தையும் பார்க்கிறேன். பெயிண்டுக்கு அடியில் பித்தளை நிறக் கோடு தெரிந்தால், ஒருமுறை உடைந்து பற்றவைக்கப்பட்டது என்று அர்த்தம். வார்ப்பிரும்பை ஒட்டுவது தனிக் கலை. எல்லா வெல்டராலும் முடியாது.

அடுத்து கைப்பிடித் தண்டு. அது வளைந்திருந்தால், யாரோ நீளக் குழாயை மாட்டி அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். திருகின் மரையும் உள்ளே இருக்கும் நட்டும் தேய்ந்திருக்கலாம். தாடையை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். கைப்பிடி கால் சுற்று வீணாகச் சுற்றுவது சகஜம். அதற்கு மேல் போனால் யோசியுங்கள்.

கடைசியாகத் தாடைத் தகடுகள். அவை தனியாகத் திருகாணியில் பூட்டப்பட்டவை, மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய பிரிட்டிஷ் வைஸில் இருப்பது பெரும்பாலும் விட்வொர்த் மரை. இன்றைய மெட்ரிக் திருகாணியை வலுக்கட்டாயமாக ஏற்றினால் வைஸின் மரை போய்விடும்.

அவசரம் வேண்டாம்

இறுகிப்போன வைஸைக் கழற்றுவதில் பலம் உதவாது, பொறுமைதான் உதவும். துரு இளக்கும் எண்ணெயை மரையிலும் நகரும் பகுதியின் இடுக்கிலும் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, கைப்பிடியை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். மறுபடி எண்ணெய். என் முதல் வைஸ் திறக்க ஒன்பது நாள் ஆனது.

திறந்த பிறகு, திருகைப் பிடித்திருக்கும் வாஷரும் பிளவு ஊசியும் எப்படிப் பூட்டப்பட்டிருக்கின்றன என்று ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுங்கள். மீண்டும் பூட்டும்போது அந்தப் படங்கள்தான் வழிகாட்டி.

துருவை எடுக்க வீட்டில் எளிய வழி சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 50 கிராம் கலந்து, பிளாஸ்டிக் வாளியில் பாகங்களை ஓர் இரவு ஊறவைக்கலாம். காலையில் பிரஷ் போட்டுக் கழுவி, சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குச் சும்மா விட்டால் அரைமணி நேரத்தில் மறுபடி துரு படரும்.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கையுறை, முகக்கவசம் அவசியம்.

புதிய பெயிண்ட் உடலுக்கு மட்டும்தான். தாடைக்கும் நகரும் பகுதிக்கும் மரைக்கும் வேண்டாம். மரைக்குக் கிரீஸ், நகரும் பகுதிக்கு இலேசான எண்ணெய் போதும். மேசையில் பூட்டும்போது தாடையின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். அசையாத தாடை மேசை விளிம்பைவிடச் சற்று வெளியே நீண்டிருந்தால், நீளமான கம்பியையும் செங்குத்தாகப் பிடிக்கலாம்.

நான் தேய்த்து அழித்தது

அப்பாவின் வைஸ் ரெக்கார்டு 3ஆம் எண். சாக்குக் கட்டித் தேய்த்தபோது எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்ததும் வந்த சந்தோஷத்தில், அதைப் புதிதுபோல் ஆக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. கிரைண்டரை எடுத்தேன். தாடைக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பரப்பில் சுத்தியல் தழும்புகளும் சில சிறு குழிகளும் இருந்தன. துரு அரித்த பள்ளங்கள் என்று நினைத்து, கண்ணாடிபோல் தேய்த்தேன். நீலப் பெயிண்ட் அடித்தேன். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

அந்தத் தீபாவளிக்கு, அப்பாவோடு ஆலையில் ஃபிட்டராக இருந்த மாமா வீட்டுக்கு வந்தார். வைஸைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அதனிடம் போனார். தட்டைப் பரப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"இங்க மூணு புள்ளி இருக்குமே, தம்பி?"

"என்ன புள்ளி, மாமா?"

"சென்டர் பஞ்சால குத்தின புள்ளி. ஆலையில ஆளுக்கு ஒரு அடையாளம். எனக்கு ரெண்டு, உங்கப்பாவுக்கு மூணு. யாரு வைஸை யாரு கெடுத்தாங்கன்னு பின்னால சண்டை வரக் கூடாதுல்ல."

துருப் பள்ளம் என்று நினைத்துத் தேய்த்துவிட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கைப்பிடியைச் சுற்றித் தாடையை முழுக்கத் திறந்து மூடினார். "நல்லா ஓடுது. அவரு இருந்தா இதைத்தான் முதல்ல பார்ப்பாரு" என்று சொல்லிவிட்டு, சாப்பிட உள்ளே வந்தார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

செய்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பிடித்த நான், வைத்திருந்தவரின் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டேன். ரெக்கார்டு 3ஆம் எண் உலகில் எத்தனையோ இருக்கும். மூன்று புள்ளி வைத்தது அது ஒன்றுதான்.

இரவு தங்கையிடம் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரத்தில் ஒரு படம் அனுப்பினாள். லாரி வந்த அன்று, வைஸ் தராசில் இருந்தபோது அவள் சும்மா எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். துருவுக்கு நடுவே, ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் மூன்று புள்ளிகள். துரு இப்படி அளந்து அரிக்காது. அன்றே கவனித்திருக்கலாம்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வைஸுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். மீண்டும் மூன்று புள்ளி குத்திவிடலாம் என்று மகன் சொன்னான். வேண்டாம் என்றேன்.

அதன் பிறகு வந்த நான்கு வைஸ்களையும் கிரைண்டர் தொடவில்லை. ஒன்றில் உளியால் கீறிய ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. இன்னொன்றில் மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளாக இருக்கக்கூடிய இரண்டு எழுத்துகள். யாருடையவை என்பது தெரியாமல் போனாலும், அவை அப்படியே இருக்கும்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு வைஸ் இருந்தால், லாரியைக் கூப்பிடும் முன் நாலா பக்கமும் படம் எடுங்கள். நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பிறகு, அதில் வேலை செய்தவர்களோ அவர்களோடு வேலை செய்தவர்களோ இன்னும் இருந்தால், துருவோடு அப்படியே அவர்கள் முன் கொண்டுபோய் வையுங்கள். சுத்தம் செய்வதை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.