கெட்டுப்போன மோட்டாருக்கு நம்ம வீட்டுப் பிள்ளையே டாக்டர்!

கிராமக் கூட்டங்களில் பயிர்ச் சந்தேகங்கள் முடிந்ததும், தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும்: ‘‘சார், பையன் பத்தாவது முடிச்சிட்டான். படிப்புல நாட்டமில்ல. எப்பப் பாரு ஸ்பேனரும் கையுமா திரியறான். நிலத்தை அடகு வெச்சாவது காலேஜ்ல சேர்த்துடலாமா?’’

அவசரப்படாதீர்கள் என்பதே என் பதில். ஸ்பேனர் பிடிக்கும் கை, குறை அல்ல. ஊருக்குத் தேவையான கை.

அண்ணாகிராமம் வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் மோட்டாரை நம்பியே நிற்கின்றன. காயில் எரிந்தால் பாசனம் நின்றுவிடும். முற்றிய சம்பா வயலில் அறுவடை இயந்திரத்தின் பெல்ட் அறுந்தால், மெக்கானிக் வரும்வரை நெல் உதிரும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, வெளிமாவட்ட மின் பணியாளர்களும் வந்துதான் நிமிர்த்தினார்கள். கைத்தொழில் தெரிந்தவரின் அருமை அன்றைக்குப் புரிந்தது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் பிரிவுகளுக்கு 2 ஆண்டுகள். வெல்டர், டீசல் மெக்கானிக் பிரிவுகளுக்கு 1 ஆண்டு. வெல்டர், வயர்மேன் படிக்க எட்டாம் வகுப்பே போதும். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, பாடநூல் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தகுதியைப் பொறுத்து புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஆம், பெண் பிள்ளைகளும் சேரலாம்.

‘அதோடு படிப்பு முடிந்துவிடுமே’ என்ற கவலையும் வேண்டாம். பத்தாவதுக்குப் பிறகு 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

சேர்ப்பதற்கு முன் மூன்று விஷயங்கள்:

* பக்கத்துப் பட்டறையில் விடுமுறைக்கு ஒரு மாதம் உதவியாளாக விட்டுப் பாருங்கள். கிரீஸும் வெயிலும் பிடித்திருந்தால் மட்டும் சேருங்கள்.
* சான்றிதழ் கிடைத்ததும் கடை திறக்க வேண்டாம். அப்ரன்டிஸாகவோ, தேர்ந்த மெக்கானிக்கிடமோ கை பழகட்டும். ஆரம்பத்தில் வருமானம் குறைவுதான்.
* மெயினை நிறுத்தாமல் மோட்டாரைத் தொடும் துணிச்சல் திறமை அல்ல. பாதுகாப்புப் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும்.

பழுது பார்த்து சுவிட்சைப் போட்டதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். செய்த வேலையின் பலனை உடனே கண்ணால் பார்க்கும் நிறைவு எல்லா உத்தியோகத்திலும் கிடைப்பதில்லை.

நிலத்தை அடகு வைக்கும் முன், பிள்ளையோடு ஒருமுறை ஐ.டி.ஐ. பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். எந்த இயந்திரத்தின் முன்னால் அவன் நிற்கிறான் என்பதைக் கவனியுங்கள்.