தீவனக் கணக்கும் அதைக் கையாளும் மக்களும்

பெங்களூரின் ஓசூர்ச் சாலையில் அமைந்துள்ள அடுகோடி, இந்தியக் கால்நடை விஞ்ஞானத்தின் பழைய நிலைக்களங்களுள் ஒன்றாகும். பால்பண்ணை ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான மத்திய நிலையம் 1923-ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கப் பெற்றது. 1955-இல் அதன் தலைமையகம் கர்னாலுக்கு மாற்றப்பட்டபின், அடுகோடி தென்மண்டல நிலையமாகத் தொடர்ந்து பணியாற்றி வருகிறது. தேசியக் கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனமும் 1995-இல் இங்கு நிறுவப்பட்டது. கறவை மாடுகளுக்குச் சமச்சீர்த் தீவனம் கணக்கிட்டுத் தரும் ‘ஃபீட் அசிஸ்ட்’ என்னும் செயலி இந்நிறுவனத்தில் உருவானதாகும்.

இத்தகைய செயலிகளில் விஞ்ஞானம் சரியாக இருந்தால் மட்டும் போதாது; அவற்றைக் கையாளுவோரின் வாழ்க்கையோடும் அவை பொருந்த வேண்டும். அவ்வாறு பொருந்துமாறு ஒரு செயலியை எங்ஙனம் திருத்தியமைப்பது என்பதை ஈண்டு விளக்குவோம்.

ஒரு சுமை எத்தனை கிலோ?

மாடு தின்னும் தீவனத்தில் நீர் நீங்கலாக எஞ்சுவது உலர்பொருள் எனப்படும். 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவிற்கு, உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வீதம், நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்பொருள் தேவை. பசும்புல்லில் ஏறத்தாழ 80 சதவீதம் நீரே. வைக்கோலில் 10 சதவீதமே நீர். ஆகவே 20 கிலோ பசும்புல்லும் 5 கிலோ வைக்கோலும் இட்டால், கிடைக்கும் உலர்பொருள் முறையே 4 கிலோவும் 4.5 கிலோவும் ஆகும். எஞ்சிய 1.5 கிலோவைப் பிண்ணாக்கு, தவிடு முதலிய அடர்தீவனத்தால் ஈடுசெய்ய வேண்டும். புரதம், எரிசக்தி, தாது உப்புகள் ஆகியவற்றின் கணக்கு இதற்கு மேற்பட்டதாகும்.

இனி, செயலி ‘பசும்புல் எத்தனை கிலோ?’ என்று வினவுவதாகக் கொள்வோம். புல் அறுத்து வருபவருக்குத் தெரிந்த அளவு ‘ஒரு தலைச்சுமை’ மட்டுமே. 20 கிலோச் சுமையை அவர் 30 கிலோ என்று மதிப்பிட்டு இட்டால், மொத்த உலர்பொருள் 10.5 கிலோ என்று கணக்கு காட்டும். தீவனம் போதும் என்று செயலி கூறும். பசுவோ நாள்தோறும் ஒன்றரைக் கிலோ குறைவாக உண்ணும். பால் குறையும், மாடு மெலியும். கணக்கில் பிழையில்லை, வினாவிலேயே பிழை உள்ளது. பால் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே ஆவதால், இப்பிழையின் சுமை சிறு குடும்பத்தின் வருவாயையே தாக்கும்.

பயனாளரை ஆராய்தல்

இக்குறையை அலுவலகத்தில் அமர்ந்து கண்டறிய இயலாது. மாட்டுக்கொட்டிலுக்குச் சென்று காண்பதே வழி. தீவனத்தை அளப்பவர் யார்? கூடையாலா, படியாலா, கட்டாலா? கைபேசி யாரிடம் உள்ளது? கேழ்வரகை ராகி என்றே வழங்கும் வட்டாரத்தில், செயலியின் பட்டியலில் அப்பெயர் உள்ளதா? பரிந்துரைக்கப்படும் பிண்ணாக்கு அருகிலுள்ள கடையில் கிடைக்கிறதா? இவற்றைக் கேட்டறிவதோடு, அவர்கள் செய்வதை உடனிருந்து பார்ப்பதும் இன்றியமையாதது. ஏனெனில், மக்கள் சொல்வதும் செய்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

தேசியப் பால்வள வளர்ச்சி வாரியம் 2011-12-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியப் பால் திட்டத்தின் முதற்கட்டம் இங்கே சிந்திக்கத் தக்கது. அதில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடுதோறும் சென்று, காதுவில்லையின் 12 இலக்க எண்ணால் மாட்டை அடையாளங்கண்டு, விவரங்களைப் பதிந்து, தீவன அளவைக் கணக்கிட்டு உரைத்தார். கருவியைக் கையாண்டவர் ஒருவர்; தீவனம் இட்டவர் மற்றொருவர். ஆகவே ‘பயனாளர்’ என்னும் ஒரு சொல்லுள் இருவர் அடங்குவர் என்பது தெளிவாகும்.

மாதிரி மனிதர்

கண்டறிந்த விவரங்களைத் தொகுத்து, ஒத்த வழக்கங்கள் உடையோரை ஓர் உருவமாக வரைந்து கொள்வது பயனுள்ள முறையாகும். இதனை மாதிரி மனிதர் எனலாம். அமெரிக்க மென்பொருள் வல்லுநர் ஆலன் கூப்பர் 1990-களின் இறுதியில் தம் நூலின் வாயிலாக இம்முறையைப் பரவச் செய்தார். தீவனச் செயலிக்கு மூவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

முதலாமவர், நாளொன்றுக்குப் பல வீடுகளுக்குச் செல்லும் கிராமப் பணியாளர். இவருக்கு விரைவு தேவை. தொடர்பு கிட்டாத இடத்திலும் செயலி இயங்க வேண்டும். இரண்டாமவர், இரு பசுக்களை வளர்க்கும் பெண்மணி. எழுத்துப் பழக்கம் குறைவு; கைபேசி பெரும்பாலும் மகனிடம் இருக்கும்; எனினும் தீவனம் இடுபவர் இவரே. மூன்றாமவர், பத்துப் பதினைந்து மாடுகளுடன் தீவனத்தை விலைக்கு வாங்கும் பண்ணையாளர். இவருடைய முதல் வினா செலவைப் பற்றியது.

மூவரையும் ஒரே திரையில் நிறைவு செய்ய முயன்றால் எவருக்கும் நிறைவு கிட்டாது. அவருக்குப் பொருந்தாவிடில் செயலியே பயனற்றுப் போகும் என்னும் நிலையிலுள்ள ஒருவரை முதன்மையானவராகத் தெரிந்தெடுத்தல் வேண்டும். இரண்டாமவரை அவ்வாறு கொண்டால், மாறுதல்கள் தாமே புலப்படும். கிலோவிற்குப் பதில் சிறிய, நடுத்தர, பெரிய சுமைகளின் படங்கள் இடம்பெறும். அவற்றின் எடை அவ்வட்டாரத்தில் நிறுத்தறியப்பட்டதாக இருக்கும். விடையும் ‘காலையில் இப்பாத்திரத்தால் இரண்டு, மாலையில் இரண்டு’ என்று குரலாக ஒலிக்கும்.

ஆராய்ச்சியின்றிக் கற்பனையால் வரையப்பட்ட மாதிரி மனிதர் வழிகாட்ட மாட்டார். வரைந்தவரின் எண்ணங்களையே திருப்பிச் சொல்லுவார்.

சோதித்தல்

திருத்திய செயலியைப் பயனாளர் சிலரிடம் கொடுத்து, உதவி செய்யாது கவனிக்க வேண்டும். ஏறத்தாழ ஐவரைக் கொண்ட சோதனையிலேயே பெரும்பாலான இடர்ப்பாடுகள் வெளிப்படும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் வல்லுநர் எடுத்துக்காட்டினார். மூன்று அளவுகோல்களைப் பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்துள்ளது: கருதிய பணி நிறைவேறியதா, அதற்கு எவ்வளவு முயற்சி ஆயிற்று, பயனாளருக்கு மனநிறைவு உண்டா என்பன அவை. தீவனச் செயலிக்கு இவற்றோடு நான்காவது ஒன்றும் வேண்டும்: மறுநாள் காலையில் தொட்டியில் இடப்பட்ட தீவனம் மாறியதா?

களத்திலும் பள்ளியிலும்

களப்பணியாளர் தம் வட்டாரத்துச் சுமை, கட்டு, கூடை, படி ஆகியவற்றைத் தராசில் நிறுத்து ஓர் அட்டவணை ஆக்கலாம். ஒவ்வொரு தீவனத்தின் உள்ளூர்ப் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். ஆசிரியர்கள் இதனை மாணவரின் செய்முறைப் பயிற்சியாகக் கொள்ளலாம். நூறு கிராம் புல்லை நன்கு உலர்த்தி மீண்டும் நிறுத்தால், உலர்பொருள் என்பதன் பொருள் எளிதில் விளங்கும். எளிய இவ்வட்டவணையே செயலியை அமைப்போருக்கும் மாடு வளர்ப்போருக்கும் இடையே பாலமாக அமையும்.